காப்பீடு இல்லாமல் பிரசவம் பார்க்கும் செவிலியர்கள் செய்யக் கூடாதவை

தொழில்பொறுப்புக் காப்பீடு (வழக்கில் இழப்பீடு கொடுக்க நேர்ந்தால் கைகொடுக்கும் காப்பீடு) இல்லாமல் தனியாகப் பிரசவம் பார்க்கும் செவிலியரிடம் ‘வழக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால், ‘கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்’ என்பார். முதல் தவறு இதுதான். ‘எது நடந்தாலும் நாங்களே பொறுப்பு’ என்று குடும்பத்தார் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தாலும், கவனக்குறைவு வழக்கை அது தடுக்காது. ஒப்புதல் வேறு. செய்யப்போவது என்ன, ஆபத்து என்ன, மாற்று வழி என்ன என்று அந்தப் பெண்ணுக்கே விளங்கச் சொல்லிப் பெற வேண்டும். 2008இல் சமீரா கோலி வழக்கில், வயதுவந்த பெண்ணுக்காக அவருடைய தாய் தந்த ஒப்புதலையே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மாமியார் கையெழுத்து எந்த மூலைக்கு? தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசும் பெண்ணிடம் தமிழ்ப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்குவதும் வீண்.

‘நான் கட்டணம் கேட்பதில்லை, தாம்பூலத்தில் வைப்பதைத்தான் வாங்குகிறேன்’ என்பதும் காப்பாற்றாது. உச்ச நீதிமன்றத்தின் 1995இன் சாந்தா தீர்ப்புப்படி, எல்லோருக்கும் முழு இலவசமாகச் செய்யும் மருத்துவச் சேவைக்கு மட்டுமே நுகர்வோர் சட்டத்திலிருந்து விலக்கு. சிலரிடம் பணம் பெற்றால், இலவசமாகப் பார்த்தவரும் வழக்குப் போடலாம்.

கிரிமினல் சட்டம் இன்னும் கடுமையானது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. மருத்துவருக்கு 2 ஆண்டு வரைதான். அந்தச் சலுகை மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டுமே. செவிலியர் மன்றப் பதிவு போதாது. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் இன்றைய சட்டம் இதுதான்.

வீட்டு முன்னறையில் கட்டில் போட்டுப் பிரசவம் பார்த்தால் அது மகப்பேறு இல்லம். தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். தொழிலைத் தனி நிறுவனமாக (கம்பெனியாக) பதிவு செய்தால் கடன், வாடகைப் பொறுப்புகள் நிறுவனத்தோடு நிற்கலாம். உங்கள் கையால் நேர்ந்த பிழை உங்களையே சேரும். புகார் வந்தபின் வீட்டைக் கணவர் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதுவதோ, பணம் பெற வேண்டியவரை ஏய்க்கும் மாற்றமென்று சொத்து மாற்றச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் செல்லாமல் போகலாம்.

உண்மையில் கைகொடுப்பது குறிப்பேடுதான். இரத்த அழுத்தம், குழந்தையின் இதயத் துடிப்பு, 108ஐ அழைத்த நேரம், மருத்துவமனைக்குப் போகச் சொன்ன நேரம், குடும்பம் மறுத்திருந்தால் அந்த மறுப்பு, எல்லாவற்றையும் அப்போதைக்கப்போதே எழுதுங்கள். சித்தேரி மலையிலிருந்து தருமபுரி அரசு மருத்துவமனைக்கு இறங்கும் வழியில் ஒவ்வொரு நிமிடமும் கேள்வியாகும். பிறகு திருத்தினால், எழுதாததைவிடக் கேடு.

நுகர்வோர் ஆணைய நோட்டீஸ் வந்தால் பீரோவில் வைத்துவிடாதீர்கள். பதில் தர 30 நாள். ஆணையம் அனுமதித்தால் மேலும் 15. அதைத் தாண்டினால் உங்கள் எழுத்துப்பூர்வ பதிலை ஏற்கமாட்டார்கள். அன்றே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.