நீர் நிறைந்த பிளவுப்பாறையில் நிலநடுக்க அலைகள்: மலையகப் பாறைக்குக் கணினி மாதிரி அமைக்கும் முறை

இலங்கை மலையகத்தின் பெரும்பகுதி உயர்நிலத் தொகுதி எனப்படும் தொல்பழம் உருமாறிய பாறைகளின் மேல் அமைந்துள்ளது. சார்னோக்கைட், கார்னெட் கலந்த நைஸ், குவாட்சைட் ஆகியவையும் கண்டி, மாத்தளைப் பக்கங்களில் இடையிடையே பளிங்குப்பாறையும் இதில் அடங்கும். இவற்றின் புதுப்பாறையில், அதாவது வானிலையால் அழியாத பாறையில், மணற்கல்லில் உள்ளதைப் போன்ற துளைகள் ஏறத்தாழ இல்லை. நீர் நிற்பதும் ஓடுவதும் பிளவுகளில்தான். 2014 டிசம்பரில் ஊமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நீர் பாய்ந்தபோது பண்டாரவளைப் பகுதிக் கிணறுகள் வற்றியதற்கும் இந்த அமைப்பே காரணம். ஆனால் பாறைக்குள் நீர் இருக்கையில் அலை எப்படிச் செல்லும் என்று விளக்கும் பாடநூல்களிற் பல எண்ணெய்வள மணற்கல்லை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. அவற்றின் வழிமுறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கணக்கு ஓடும், விடை பொருந்தாது. பல்கலைக்கழக அளவிலான பௌதிகமும் ஓரளவு பைதன் நிரலாக்கமும் அறிந்த ஒருவர் இந்தப் பாறைக்கென ஒரு மாதிரியை எந்த ஒழுங்கில் அமைக்கலாம் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் மீடிறனை, அதாவது அலை செக்கனுக்கு எத்தனை முறை அதிரும் என்பதை, தீர்மானிக்க வேண்டும்; மற்ற முடிவுகள் பெரும்பாலும் அதைத் தொடர்ந்தே வரும். சம்மட்டியால் தட்டிச் செய்யும் ஆழங்குறைந்த அளவையில் 30 முதல் 60 ஹேட்ஸ் வரையும், அருகில் நிகழும் சிறு அதிர்வுகளில் 1 முதல் 20 ஹேட்ஸ் வரையும், ஆய்வுகூடத்து மீயொலிச் சோதனையில் ஏறத்தாழ 10 இலட்சம் ஹேட்ஸும் நாம் கையாளும் வீச்சுகள். செக்கனுக்கு 6000 மீற்றர் வேகமுள்ள பாறையில் 30 ஹேட்ஸ் அலையின் நீளம் 200 மீற்றர். அந்த நீளத்தோடு ஒப்பிட மிகச் சிறியவையான வெடிப்புகளைத் தனித்தனியாக வரையத் தேவையில்லை. அவற்றின் கூட்டு விளைவைப் பாறையின் மீள்தன்மை மாறிலிகளுக்குள் ஏற்றிவிடலாம். அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க நீளமுடைய பெரும் பிளவுகளையும் பிளவு வலயங்களையும் மட்டும் மாதிரிக்குள் தனியே வைக்க வேண்டும்.

அடுத்து, வெடிப்பற்ற பாறையின் மாறிலிகள். உதாரணத்துக்காக முதன்மை அலை (பாறையை அமுக்கியும் விரித்தும் செல்வது) வேகம் 6000, துணை அலை (செல்லும் திசைக்குக் குறுக்காக அதிர்வது) வேகம் 3464 மீற்றர்/செக்கன், அடர்த்தி கனமீற்றருக்கு 2700 கிலோகிராம் என்று எடுத்துக்கொள்வோம். இதிலிருந்து கொய்வு மட்டு 32.4 கிகாபஸ்கால், பரும மட்டு 54 கிகாபஸ்கால், முதன்மை அலைக்குரிய விறைப்பு 97.2 கிகாபஸ்கால் என வரும். துணை அலை வேகத்தை முதன்மை அலை வேகத்தால் வகுத்து வர்க்கித்தால் வருவது வேகவிகித வர்க்கம்; இங்கே அது மூன்றில் ஒன்று. இந்த எண் பின்னர் பலமுறை தேவைப்படும்.

இனி வெடிப்புகள். தட்டையான வட்ட வடிவ வெடிப்புகளுக்குப் பிளவடர்த்தி என்பது, ஓரலகுக் கனவளவில் உள்ள வெடிப்புகளின் ஆரைகளை ஒவ்வொன்றாக மும்மடியாக்கிக் கூட்டிய தொகை. ஒரு கனமீற்றரில் 10 சென்ரிமீற்றர் ஆரையுள்ள 50 வெடிப்புகள் இருந்தாலும், 20 கனமீற்றருக்கு 1 மீற்றர் ஆரையுள்ள ஒரே வெடிப்பு இருந்தாலும் விடை 0.05 தான். ஆகவே வெளித்தெரியும் பாறையில் எண்ணும்போது நீளமான வெடிப்புகளைத் தவறவிடாமற் பார்ப்பது, குட்டி வெடிப்புகளை நுணுகி எண்ணுவதைவிடப் பயன் தரும். எங்கே எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். கற்குவாரிகளிலும் வெடிவைத்து வெட்டிய வீதியோரங்களிலும் காணப்படும் வெடிப்புகளில் ஒரு பகுதி வெடிமருந்து உண்டாக்கியது. ஓடைப் படுகைகளும் அருவிப் பாறைகளும் நம்பகமானவை. தோட்டங்களில் பீலி பொருத்தப்பட்டிருக்கும் ஊற்றுகளை வரைபடத்தில் குறித்துப் பார்ப்பதும் நன்று. அவை ஒரு நேர்கோட்டில் வரிசைப்பட்டிருந்தால் நீர் ஏந்திய பிளவுத்தொகுதி அந்தத் திசையில் செல்கிறது என்று கருத இடமுண்டு.

பிளவுகள் யாவும் நிலைக்குத்தாக ஒரே திசையில் உள்ளன என்று கொண்டால், பாறையின் விறைப்பை இரண்டு எண்கள் குறைக்கின்றன. ஒன்று, பிளவை அதன் முகத்துக்குச் செங்குத்தாக அமுக்கும்போது தோன்றும் செங்குத்து நலிவு. மற்றது, பிளவின் முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும்போது தோன்றும் தொடலி நலிவு. பிளவடர்த்தியை 16 ஆற் பெருக்கி, 3 × (3 − 2 × வேகவிகித வர்க்கம்) என்பதால் வகுத்தால் தொடலி நலிவு கிடைக்கும். நம் உதாரணத்தில், பிளவடர்த்தி 0.05 எனில், 0.114. உலர்ந்த வெடிப்புக்கு, பிளவடர்த்தியை 4 ஆற் பெருக்கி, 3 × வேகவிகித வர்க்கம் × (1 − வேகவிகித வர்க்கம்) என்பதால் வகுத்தால் செங்குத்து நலிவு, இங்கே 0.30. பிளவுக்குச் செங்குத்தான திசையின் விறைப்பை (1 − செங்குத்து நலிவு) ஆலும், பிளவுமுகம் சறுக்கும் இரு கொய்வு மாறிலிகளை (1 − தொடலி நலிவு) ஆலும் பெருக்குக. பிளவுக்கு இணையான திசைகளின் விறைப்பில் செங்குத்து நலிவின் ஒன்பதில் ஒரு பங்கே கழியும். இந்தச் சூத்திரங்கள் முதற்படித் தோராயம் ஆதலால், பிளவடர்த்தி 0.1 ஐத் தாண்டும்போது இவற்றை நம்பக்கூடாது.

நீரின் பங்கு செங்குத்து நலிவில் மட்டுமே தெரியும். நீருக்குக் கொய்வு விறைப்பு இல்லாததால், தொடலி நலிவு உலர்ந்த வெடிப்புக்கும் ஈர வெடிப்புக்கும் ஒன்றே. ஆனால் செங்குத்து நலிவை நீர் எவ்வளவு குறைக்கும் என்பது வெடிப்பின் தட்டைவிகிதத்தை, அதாவது தடிப்புக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. நீரின் பரும மட்டை 2.2 கிகாபஸ்கால் எனக் கொண்டு கணக்கிட்டால், தட்டைவிகிதம் 0.001 ஆகும்போது 0.30 என்ற நலிவு 0.003 ஆகச் சுருங்குகிறது, 0.01 ஆகும்போது 0.028, 0.1 ஆகும்போது 0.15. மெல்லிய வெடிப்பில் நின்ற நீர் பாறைக்கு ஏறத்தாழ முழு விறைப்பையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இதற்குத் தேவையான நீரின் அளவுதான் வியப்பானது: பிளவடர்த்தி 0.05, தட்டைவிகிதம் 0.001 எனில், வெடிப்புகளின் மொத்தக் கனவளவு பாறையின் 0.02 சதவீதமே. அந்தச் சிறு அளவு நீர், பிளவுக்குக் குறுக்கே செல்லும் முதன்மை அலையின் வேகத்தை 5020 இலிருந்து ஏறத்தாழ 6000 மீற்றர்/செக்கனுக்கு உயர்த்துகிறது.

ஆகவே பிளவு உண்டா என்பதைத் துணை அலையிடமும், அதில் நீர் உண்டா என்பதை முதன்மை அலையிடமும் கேட்க வேண்டும். பிளவுக்கு இணையாக அதிரும் துணை அலை 3464 இலும், குறுக்காக அதிர்வது 3260 மீற்றர்/செக்கனிலும் செல்லும். 5 கிலோமீற்றர் பாதையில் இரண்டும் 0.09 செக்கன் இடைவெளியில் வந்து சேரும். சதவீதத்தில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 6. பிளவடர்த்தியை நூறால் பெருக்கினால் வரும் எண்ணுக்கு இது எப்போதும் அருகில் நிற்பதால், நிரலைச் சரிபார்க்கவும் கைகொடுக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வெடிப்பில் நீரோடு சிறிது வளியும் இருந்தால் மேற்கண்ட கணக்கு குலைந்துவிடும். 100 மீற்றர் ஆழத்து அமுக்கத்தில்கூட, நீரில் சிறு குமிழிகளாக 1 சதவீத வளி கலந்திருந்தால் கலவையின் பரும மட்டு தூய நீருடையதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். எனவே நீர்மட்டத்துக்கு மேலே பாதி நனைந்த வலயத்தை, ஈரப் பாறை என்பதைவிட உலர்பாறை என்று கொள்வதே உண்மைக்கு நெருக்கம். இரண்டாவது எச்சரிக்கை நைஸ் பற்றியது. அதன் கனிமப் பட்டைகளே அலைவேகத்தைத் திசைக்குத் திசை மாற்றக்கூடியவை. அளந்த திசைவேறுபாடு முழுவதையும் பிளவின் கணக்கில் எழுதினால் பிளவடர்த்தி மிகையாகும். பட்டைகளின் சாய்வையும் திசையையும் களத்தில் தனியே அளந்து, வெடிப்பற்ற பாறையையே திசைசார் ஊடகமாக எடுத்துக்கொண்டு, அதன் மேல் பிளவின் நலிவைச் சேர்ப்பதுதான் முறை.

நீர் வெடிப்புக்குள் அசையாமல் நிற்கிறது என்றே இதுவரை கொண்டோம். உண்மையில் அலை அமுக்கும்போது நீர் ஒரு வெடிப்பிலிருந்து அடுத்ததற்குப் பிதுங்கிச் செல்ல முயலும். அதற்கு நேரம் போதுமா என்பதை மீடிறன் முடிவுசெய்கிறது. அந்த நேரம் போதாமற்போகத் தொடங்கும் எல்லை மீடிறனை மதிப்பிட, பாறையின் பரும மட்டைத் தட்டைவிகிதத்தின் மும்மடியாற் பெருக்கி நீரின் பிசுக்குமையால் வகுக்கலாம். தட்டைவிகிதம் 0.001 எனில் 54,000 ஹேட்ஸ், 0.0001 எனில் 54 ஹேட்ஸ். அதாவது, மிக மெல்லிய வெடிப்புகள் நம் சம்மட்டி அளவையின் வீச்சுக்குள்ளேயே வேகமாற்றத்தையும் அலைத்தேய்வையும் உண்டாக்கக்கூடும். ஆனால் நீர் பிதுங்கிச் செல்ல இடம் இருக்க வேண்டும். புதுப்பாறையில் வெடிப்புகள் எல்லாம் ஒரே திசையிலும் ஒரே வடிவிலும் இருந்தால், எல்லாவற்றிலும் அமுக்கம் சமமாக ஏறுவதால் நீர் போக இடமில்லை. நிலைத்த நீர் என்ற கணக்கே போதும். வேறு வேறு திசைகளில் வெடிப்புகள் இணைந்திருந்தாலோ, பெல்ட்ஸ்பார் சிதைந்து துளைகள் தோன்றிய வானிலையாலழிந்த பாறையாக இருந்தாலோ நிலைமை வேறு. மலையகச் சரிவுகளில் மண்ணுக்கும் புதுப்பாறைக்கும் இடையே கிடக்கும் இந்த மாறுநிலை வலயத்தில் வெடிப்பும் துளையும் நீரும் ஒருங்கே உள்ளன. நேரம் செலவிட்டு மாதிரியாக்க வேண்டிய பகுதி அதுவே. தாழ் மீடிறனில் அங்கே, உலர்பாறையின் மாறிலிகளிலிருந்து நீர் நிறைந்த பாறையின் மாறிலிகளைக் கணிக்கும் காஸ்மன் சமன்பாட்டின் திசைசார் வடிவத்தைப் பயன்படுத்துக. எல்லை மீடிறனுக்கு அருகில் வேலை செய்தால் மீடிறன் சார்ந்த மாறிலிகள் தேவைப்படும். துளைநீர் பாறைக்கு எதிராக அசைவதால் தோன்றும் பயோவின் மெது அலையை இந்த இறுகிய பாறையில், களமீடிறன்களில், கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

தனியே வைக்கும் பெரும் பிளவுகளுக்கு நேரியல் சறுக்கல் நிபந்தனை போதுமானது: பிளவின் இருபுறப் பெயர்ச்சிகளின் வேறுபாடு, அதன் மேலான தகைப்புக்கு விகிதசமம். 1 மில்லிமீற்றர் தடிப்பான நீர்த்தகட்டின் செங்குத்து இணக்கம் (ஓரலகுத் தகைப்புக்கு உண்டாகும் பெயர்ச்சி வேறுபாடு), தடிப்பை நீரின் பரும மட்டால் வகுத்தால் 4.5 × 10⁻¹³ மீற்றர்/பஸ்கால். இதை 30 ஹேட்ஸ் முதன்மை அலை ஏறத்தாழ உணர்வதேயில்லை. நீர் நிறைந்த தனிப் பிளவு ஒன்றை முதன்மை அலையின் தெறிப்பால் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பி ஆழ்துளைக் கிணற்றின் இடத்தைக் குறிப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

கணினியில் ஏற்றும்போது சிக்கல் தருவது பாறையன்று, அதன் மேலுள்ள மண். வெளியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் நான்காம் படி முடிவுறு வித்தியாச முறையில், மிகக் குறுகிய அலைநீளத்துக்கு ஆறு கட்டங்களாவது வேண்டும். 60 ஹேட்ஸ் வரை கணக்கிட, புதுப்பாறை மட்டும் இருந்தால் 9 மீற்றர் கட்டம் போதும். துணை அலை வேகம் 300 மீற்றர்/செக்கன் உள்ள மண்படை ஒன்றைச் சேர்த்தவுடன் கட்டம் 0.8 மீற்றராகச் சுருங்கும். இரு பரிமாணத்தில் நேரப்படி, கட்ட அளவை உயர் வேகத்தால் வகுத்ததன் 0.606 மடங்கைத் தாண்டக்கூடாது, இங்கே 0.00008 செக்கன். 1 கிலோமீற்றர் நீளமும் 500 மீற்றர் ஆழமும் உள்ள வெட்டுமுகத்துக்கு ஏழே முக்கால் இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள், ஒரு செக்கன் பதிவுக்கு 12,500 படிகள். சாதாரண மடிக்கணினி இதைத் தாங்கும், முப்பரிமாணத்தில் தாங்காது. பிளவுகள் கட்டத்தின் அச்சுகளுக்குச் சாய்வாக இருந்தால் வேகத்தையும் தகைப்பையும் அரைக்கட்டம் தள்ளித் தள்ளி வைக்கும் வழக்கமான மாற்றுநிலைக் கட்டத்தில் இடைக்கணிப்புப் பிழை நுழையும். சுழற்றிய கட்டம் அதைக் குறைக்கும். செங்குத்துச் சரிவுகளைப் படிக்கட்டாக வெட்டினால் அந்தப் படிகளே பொய்யான அலைகளைச் சிதறடிக்கும் என்பதால், நிலத்தோற்றம் கரடுமுரடான இடங்களுக்கு ஸ்பெக்பெம் போன்ற நிறமாலைக்கூற்று மென்பொருளையே நான் பரிந்துரைப்பேன். சமதரைக்கு டெவிட்டோ என்ற பைதன் கருவியில் எழுதிய சிறு நிரல் போதுமானது.

முதல் ஓட்டத்தைப் பிளவடர்த்தி பூச்சியமாக வைத்துச் செய்து, வருகை நேரங்களைக் கையாற் கணக்கிட்டு ஒப்பிடுக. பிறகு கட்டத்தைப் பாதியாக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். பதிவு மாறினால் முதற் கட்டம் போதவில்லை. மூலத்தையும் வாங்கியையும் இடம் மாற்றினாலும் ஒரே பதிவு வரவேண்டும். மாதிரியின் விளிம்பில் அலையைத் தெறிக்கவிடாமல் தடுக்கும் உறிஞ்சும் எல்லைகள் திசைசார் ஊடகத்தில் சில வேளை நிலைகுலையும் என்பதால், மொத்தச் சக்தி இறுதியில் குறைந்துகொண்டே போகிறதா என்றும் பாருங்கள்.

உண்மையான பதிவோடு ஒப்பிட வேண்டுமாயின், பல்லேகலையில் உள்ள பால்க் (PALK) என்ற நிலையம் உலகளாவிய நிலநடுக்கப் பதிவு வலையமைப்பைச் சேர்ந்தது; அதன் பதிவுகளை இணையத்தில் இலவசமாகப் பெற்று ஒப்ஸ்பை என்ற பைதன் நூலகத்தால் வாசிக்கலாம். 2020 ஆகஸ்ட் 29 முதல் திகனைப் பகுதியில் உணரப்பட்டவை போன்ற அண்மை அதிர்வுகளே இதற்குப் பொருத்தம். தொலைதூர நிலநடுக்கங்களின் துணை அலை இரண்டாகப் பிரிவதில் மேலோட்டுக்குக் கீழுள்ள பகுதியின் பங்கு பெரிது. அலை நிலைக்குத்திலிருந்து 35 பாகைக்குள் வந்து சேரும் பதிவுகளை மட்டும் எடுக்க வேண்டும். அதற்கு மேல் தரையின் தெறிப்பே துணை அலையின் வடிவைக் கெடுத்துவிடும்.

நீர்மட்டத்தின் பருவ மாற்றத்தைத் தேடுவோர், மாதிரியை உலர்ந்த நிலைக்கும் ஈர நிலைக்கும் தனித்தனியே ஓட்டி, அளவைக்கோட்டின் திசையை அதன்பின் முடிவுசெய்க. நிலைக்குத்தான பிளவுகளின் வழியே 20 மீற்றர் கீழிறங்கும் முதன்மை அலையில் வேறுபாடு 0.06 மில்லிசெக்கன் மட்டுமே. அது இரைச்சலில் மறைந்துவிடும். பிளவுகளுக்குக் குறுக்காக 100 மீற்றர் செல்லும் அலையிலோ 3 மில்லிசெக்கனுக்கு மேல் வரும். ஹற்றன் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், பதுளைப் பக்கத்தில் வடகீழ்ப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளப்பது இந்த வேறுபாட்டைப் பெரிதாக்கும். மழையில் மண்ணின் வேகமும் மாறும். 10 மீற்றர் மண்ணில் 5 சதவீத மாற்றமே மில்லிசெக்கன் அளவுக்கு வந்துவிடும் என்பதால், மொத்த வருகை நேரத்தைவிட்டு, பாறை வழியே முறிந்து வரும் முதல் அலையின் வேகத்தை, கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தட்டிப் பெற்ற நேரங்களைக் கொண்டு கணித்து ஒப்பிட வேண்டும்.