டெட் ஹார்ஸ் பாயிண்டை வழியில் எட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊருக்குப் போகிறவர்கள் ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காக்கள் இரண்டுக்கும் நாள் ஒதுக்கிவிட்டு, ஆற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் பாறை முனையான டெட் ஹார்ஸ் பாயிண்டுக்கு அரை மணி நேரம் போதும் என்று மதியத்தில் வந்து நிற்கிறார்கள். முதல் தவறே அதுதான். உச்சி வெயிலில் பாறையெல்லாம் வெளுத்துத் தட்டையாகத் தெரியும். அதே இடத்தில் சூரியன் உதிக்கும்போதோ சாயும்போதோ நின்று பாருங்கள், 2,000 அடிக்குக் கீழே கொலராடோ ஆறு கொண்டை ஊசி போல வளைந்து திரும்புவதும், அதற்கு மேலே ஒவ்வொரு பாறை அடுக்கும் தனித்தனி நிறத்தில் எழுந்து நிற்பதும் அப்போதுதான் சரியாகக் கண்ணில் படும்.

தேசியப் பூங்காக்களுக்கு வாங்கிய வருடாந்திர பாஸ் இங்கே செல்லாது. இது 1959 முதல் மாநிலப் பூங்கா, கட்டணம் தனி.

அப்புறம் தண்ணீர். முனையை மேட்டோடு இணைக்கும் கழுத்துப் பகுதி வெறும் 30 கெஜம் அகலம்தான். அதை வேலியடைத்துக் காட்டுக் குதிரைகளைப் பிடித்தார்களாம், அடைபட்ட சில குதிரைகள் கீழே ஓடும் ஆற்றைப் பார்த்தபடியே தாகத்தில் செத்துப்போயின என்று கதை சொல்வார்கள். இன்றைக்கும் பூங்காவுக்குத் தண்ணீர் லாரியில்தான் வருகிறது. கேன்களை மோவாபிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

விளிம்பில் எல்லா இடத்திலும் கம்பி வேலி கிடையாது. மணற்பாறையின் மேல் உதிர்ந்து கிடக்கும் மணல் செருப்புக்கு அடியில் உருளும், அதனால் பின்னால் நகர்ந்தபடியே செல்ஃபி எடுக்கவே கூடாது, குழந்தையின் கையையும் விடக்கூடாது. கோடையில் பிற்பகல் இடி கேட்டால் உடனே காருக்குள் போய்விடுங்கள், அந்த மொட்டை மேட்டில் ஒதுங்க வேறு இடமில்லை.

எனக்கு மனசு வலிப்பது இன்னொரு தவறு. பாதையோரம் கறுப்பாக, புடைப்புப் புடைப்பாக ஒரு மண் தெரியும். குனிந்து பார்த்தால் சின்னச் சின்னக் கோபுரங்கள் போல நிற்கும். அது வெறும் மண் இல்லை, நீலப்பச்சைப் பாசியும் பூஞ்சையும் மணல் துகள்களைப் பின்னிப் பிடித்து வளர்த்த உயிருள்ள தோல். காற்றில் மண் பறக்காமல் காப்பதும் செடிக்கு நைட்ரஜன் தருவதும் அதுதான். போட்டோவுக்காக ஒரே ஒரு அடி அதன் மேல் வைத்தாலும் மறுபடி வளரப் பல வருடங்கள் ஆகும். பாதையிலோ, வெறும் பாறையிலோ மட்டும் நடங்கள்.

கிழக்கே பளீரென்று நீலமாகத் தெரிவதை ஏரி என்று தேடிப் போக வேண்டாம். அது பொட்டாஷ் உரம் எடுக்கும் பாத்திகள், வெயிலில் நீர் சீக்கிரம் ஆவியாகத்தான் சாயம் கலக்கிறார்கள்.

இருட்டியதும் கிளம்பிவிடாதீர்கள். வெளிச்சமே இல்லாத வானம் அங்கே, நிலவில்லாத இரவென்றால் பால்வீதியே தெரியும். இருட்டுக்குப் பழகிய கண் கூசாமல் இருக்க டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு போங்கள்.