சூளைப் பிள்ளை இருக்கும் வகுப்பில் கேலி பற்றிக் கதை சொல்வது எப்படி

ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் செங்கல் சூளை வேலைக்கு வெளிமாநிலக் குடும்பங்கள் வரும். நான் பாடம் எடுக்கும் ஐந்தாம் வகுப்பில் அப்படி ஓர் ஒடிசாப் பையன். அவனை மற்றவர்கள் ‘ஏய் இந்தி’ என்பார்கள். அவன் பேசுவதோ ஒடியா. இதைத் திருத்தலாம் என்று ஒரு கதை சொன்னேன். கதையில் வந்தவனும் ஒடிசாக்காரன். அத்தனை தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது. மறுநாள் அவன் வரவில்லை. தப்பு என்னுடையதுதான்.

அதனால் முதலில் ஊரை மாற்றுங்கள். இப்போது என் கதையில் வருவது குளச்சல் சிறுமி. அப்பாவுக்கு மும்பையில் கட்டட வேலை. அங்கே பள்ளியில் இவள் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ‘நம்ம ஊர்ப் பிள்ளை’ என்றதும் வகுப்பே அவள் பக்கம் வந்துவிடும்.

கேலி சின்னதாக இருக்கட்டும். அடி, உதை வேண்டாம். சாப்பாட்டு வரிசையில் அவளுக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை; அது போதும்.

கடைசியில் அவளைப் பாட்டுப் போட்டியில் ஜெயிக்க வைக்காதீர்கள். பாடத் தெரியாத பிள்ளை என்றால் கேலி செய்யலாமா என்ன?

வரிசை வரும் இடத்தில் நிறுத்தி, “மக்களே, நீங்க எங்க நிப்பீங்க?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேசாதீர்கள். சிரித்தவனை எழுப்பி நிறுத்தவும் வேண்டாம்.

அப்புறம் ஏதாவது பிள்ளை தனியாக வந்து நிற்கும். உட்கார வைத்துக் கேளுங்கள். விஷயம் பெரிது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.