சேம்பரைக் கழற்றிய பிறகு செய்யக் கூடாதவை

காரைக்குடிப் பக்கம் பட்டறைக்கு வரும் புதுப் பையன்கள் இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சேம்பரைக் கழற்றி அடிப்பாகத்தைக் காட்டினால்தான் தடுமாறுகிறார்கள். நாங்கள் தொழில் பழகியபோது செய்த அதே தவறுகள். போல்ட்டைத் தொலைக்காதே, துணியை உள்ளே விடாதே என்பதெல்லாம் முதல் நாளே எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மற்றதைப் பார்ப்போம்.

கியர்பாக்ஸ் நட்டைத் திறப்பது

பிளைவீல் (இன்ஜினின் பின்முனைச் சக்கரம்) ஹவுசிங்குக்குப் பின்னால் இருக்கும், ஆயில் வடிக்கும் டிரெயின் நட்டு இன்ஜினுடையது அல்ல, கியர்பாக்ஸுடையது.

கேப்பை மாற்றி மாட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

சுழலும் தண்டான கிராங்கை இன்ஜின் உடலான பிளாக்கோடு பிடித்திருப்பது மெயின் கேப். பிஸ்டனிலிருந்து வரும் கனெக்டிங் ராடை கிராங்கோடு பிடித்திருப்பது பிக் எண்ட் கேப். ஒரே வரிசையில் நான்கு சிலிண்டர் உள்ள இன்ஜினில் பெரும்பாலும் 5 மெயின் இருக்கும், ஆறு சிலிண்டர் லாரியில் 7. பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சுபோலத் தெரியும். ஆனால் மெயின் கேப்புகளை பிளாக்கில் முறுக்கி வைத்த பிறகுதான் கிராங்க் உட்காரும் துளையைக் கடைந்திருப்பார்கள். இடம் மாறினாலோ திரும்பினாலோ அந்த வட்டம் வட்டமாக இருக்காது. ராடும் அதன் கேப்பும் அப்படித்தான், பிறந்ததிலிருந்தே ஜோடி.

ஆத்தங்குடியில் டைல்ஸ் ஏற்றும் மினி லாரி ஒன்று. வேறொரு பட்டறையில் பையன் எல்லா கேப்பையும் ஒரே தட்டில் போட்டு, டீசலில் பளபளவென்று கழுவி, கைக்கு வந்த வரிசையில் மாட்டிவிட்டான். கிராங்க் இறுக்கமாக நின்றது. "புது பேரிங், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று இழுத்து ஸ்டார்ட் செய்து அனுப்பிவிட்டார்கள். லோடோடு போகும்போது இன்ஜின் சுற்றாமல் பிடித்துக்கொண்டது. எங்களிடம் வந்ததும் திறந்தோம். மங்கிய வெள்ளியாக இருக்க வேண்டிய பேரிங்கில் (கிராங்கைச் சுற்றி இரண்டு பாதியாக உட்காரும் தகடு) நடுவே செம்பு தெரிந்தது, ஓரம் நீலம் பாரித்திருந்தது, முதுகில் சுற்றிய தழும்பு. கிராங்க் கிரைண்டிங், தேய்த்த கிராங்குக்கு ஏற்ற அண்டர்சைஸ் பேரிங், பிளாக்கின் துளைகளை ஒரே நேராகக் கடையும் லைன் போரிங் என்று செலவு நீண்டது. வண்டிக்காரருக்கு லோடும் போயிற்று. கழற்றும்போது எண்ணைப் பார்த்திருந்தால் இவ்வளவும் மிச்சம்.

கேப்பின் பக்கவாட்டில் எண்ணும், சிலவற்றில் அம்புக்குறியும் இருக்கும். அம்பு காட்டும் முன்பக்கம் என்பது வண்டியின் முகம் இல்லை, இன்ஜினில் பிளைவீலுக்கு எதிர்ப்பக்கம். எண் இல்லையென்றால் கழற்றும் முன்பே பெயிண்ட் பேனாவால் எழுதுங்கள். சென்டர் பஞ்ச் வேண்டாம். அதிலும் ராடை உடைத்துப் பிரித்துச் செய்யும் புது மாடல்களில் அந்த முறிவு முகத்தில் அரம்கூடப் படக் கூடாது. மாட்டும்போது ஒவ்வொரு கேப்பையும் முறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்த கேப்பில் இறுகுகிறதோ அங்கேயே நிறுத்துங்கள்.

துளை இல்லாத பேரிங்கை மேலே வைப்பது

மெயினில் துளை உள்ள பாதி பிளாக் பக்கம் போக வேண்டும். மாறினால் ஆயில் வரும் வழியே அடைபட்டுவிடும்.

த்ரஸ்ட் வாஷர்

கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் வாஷர் இது. காடி உள்ள முகம் கிராங்கைப் பார்க்கட்டும்.

ஸ்ட்ரெய்னரை பம்ப் என்று நினைப்பது

சேம்பருக்குள் தொங்கும், ஆயிலை வடிகட்டும் வலை ஸ்ட்ரெய்னர். பல சின்ன வண்டிகளில் ஆயில் பம்ப் கிராங்கின் முன்முனையில் இருக்கும், அடியில் தேடினால் கிடைக்காது. பிரஷர் விளக்கு எரிந்ததும் புது பம்ப் வாங்க ஓடாமல், முதலில் ஆயில் அளவையும் அப்புறம் இந்த வலையையும் பாருங்கள். சேம்பர் ஒட்ட அளவுக்கு மீறிப் பூசிய கம் உள்ளே பிதுங்கி, காய்ந்து, பிய்ந்து இங்கேதான் வந்து சேரும். புதுவயல் அரிசி ஆலை லாரி ஒன்றில் வலை முழுக்க அதுதான் அப்பியிருந்தது. பம்பில் ஒரு குறையும் இல்லை.