வேலை போனாலும் விபத்து இழப்பீடு போகாது: எஸ்டேட் தொழிலாளர்கள் செய்யும் தவறுகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் அடிபட்டு, பின்னால் வேலையையும் இழந்தவர்கள் இழப்பீடு கேட்கும்போது அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மனுவில் பெயர், தேதி பிசகினால் திருத்திக்கொள்ளலாம். கீழே இருப்பவை பணத்தையே இழக்க வைப்பவை.

கணக்கு முடித்த தாளை நம்பிவிடுவது

பார்க்கப் பார்க்க ஆத்திரம் வருவது இதில்தான். கவாத்து (தேயிலைச் செடி வெட்டும்) மெஷினில் கட்டைவிரல் போனவரைச் சில மாதத்தில் வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள். கிராஜுவிட்டியோடு கையில் இருபத்தைந்தாயிரம் கொடுத்து, "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று கையெழுத்து வாங்குகிறார்கள். எல்லாம் முடிந்தது என்று அவரும் எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டைக் காலி செய்துவிடுகிறார்.

இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய எதுவும் செல்லாது. 1923-ம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-வது பிரிவே அதைச் சொல்லியிருந்தது; 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பேசி முடித்த தொகையையும் இழப்பீட்டு ஆணையரிடம் பதிய வேண்டும். தொகை போதாது என்றால் அவர் பதிய மறுக்கலாம்.

எவ்வளவு போகிறது என்று பாருங்கள். வயது 40, மாதச் சம்பளம் 12,000 ரூபாய். அதில் 60 சதவீதம் 7,200. அந்த வயதுக்குச் சட்ட அட்டவணை தரும் காரணி (பெருக்க வேண்டிய எண்) 184.17. பெருக்கினால் 13,26,024. கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று அட்டவணையே சொல்கிறது. ஆக, வர வேண்டியது 3,97,807 ரூபாய். இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி தனி.

மனுவுக்குக் கெடு இரண்டு ஆண்டு. அதை வேலை போன நாளிலிருந்து எண்ணுகிறார்கள். விபத்து நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். கெடு தாண்டினாலும் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம், ஆனால் அந்தக் காரணத்தை நிரூபிக்கும் பாடு உங்களுடையது.

ஆஸ்பத்திரியில் மாற்றிச் சொல்வது

"வீட்டில் விறகு வெட்டும்போது பட்டது என்று சொல்லிவிடு, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார் சூப்பர்வைசர். அந்த ஒரு வரி விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால் வழக்கு முழுக்க அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். எந்தத் தேயிலைக் காட்டில், எந்த மெஷினில், எத்தனை மணிக்கு என்று சொல்லி, நகல் வாங்கி வையுங்கள். கொழுந்து பறிக்கும்போது காட்டெருமை முட்டினாலும் இப்படித்தான். வனத்துறை நிவாரணத்தோடு நின்றுவிடாதீர்கள்.

சம்பளச் சான்று இல்லாமல் கிளம்புவது

செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) நகல், சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

காண்ட்ராக்டர் ஓடிவிட்டார் என்று விடுவது

எஸ்டேட் வேலையைத்தான் செய்தீர்கள் என்றால் எஸ்டேட் நிர்வாகத்திடமே கேட்கலாம்.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தும் ஆணையரிடம் வருவது

ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

ஊரை விட்டு வந்தாயிற்றே என்று தயங்குவது

திருப்பூருக்கோ கோவைக்கோ குடிபெயர்ந்திருந்தால், இப்போது குடியிருக்கும் பகுதிக்கான ஆணையரிடமே மனு போடலாம். அதற்கு முன் விபத்து பற்றி எஸ்டேட்டுக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில்.