கார் கார்பெட்டில் எண்ணெய் சிந்திவிட்டதா? கறையை எடுக்கும் முறை

ஜங்ஷனில் வாங்கிய அல்வா, ஊர் போய்ச் சேருவதற்குள் பொட்டலம் கசிந்து நெய் விட்டிருக்கும். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டு அரைகுறையாகக் குளித்து வண்டியில் ஏறினால், காலடியில் நல்லெண்ணெய்த் திட்டு. ஒர்க்‌ஷாப் தரையை மிதித்துவிட்டு ஏறினால் இன்ஜின் ஆயில். எதுவானாலும் முதலில் எண்ணெயை மேலே இழுக்க வேண்டும்; தண்ணீர் கடைசியில்தான். சிந்தியதுமே ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தால், எண்ணெய் கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சுக்கு இறங்கிவிடும். அங்கிருந்து எடுப்பது பெரும்பாடு.

எடுத்து வைக்க வேண்டியவை: பழைய வெள்ளை வேட்டித் துண்டுகள் நான்கைந்து, ஸ்பூன், 100 கிராம் ஆப்பச்சோடா அல்லது கார்ன்ஃப்ளார் மாவு, பாத்திரம் கழுவும் லிக்விட், பழைய டூத் பிரஷ், வேக்குவம் கிளீனர். சாயத்துணி வேண்டாம், சாயம் இறங்கினால் அது தனிக் கறை.

1. கழற்றி மாட்டும் மேட்டில் (காலடி விரிப்பில்) மட்டும் சிந்தியிருந்தால் வேலை சுலபம், வெளியே எடுத்துக் கழுவிவிடலாம். தரையோடு ஒட்டிய கார்பெட் என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

2. கட்டியாக இருப்பதை ஸ்பூனால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுங்கள். பிறகு துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தி ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது. துணியில் எண்ணெய் ஏறாமல் வரும்வரை, இடத்தை மாற்றி மாற்றி ஒற்ற வேண்டும்.

3. சோடாவைக் கறை மறையும்படி கால் அங்குலக் கனத்துக்குத் தூவி, பிரஷ்ஷால் லேசாக இழைக்குள் தட்டிவிடுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுவதும் இருக்கட்டும். ஏசி குளிரில் நெய் உறைந்துவிடும், உறைந்த நெய்யை மாவு இழுக்காது. நம் ஊர் வெயில் இந்த ஒரு வேலைக்கு உதவும்: கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்தினால் நெய் இளகி மாவுக்குள் ஏறும். பிறகு வேக்குவம் போடுங்கள். மாவு கட்டி கட்டியாக வந்தால் எண்ணெய் இன்னும் மிச்சம் இருக்கிறது, இன்னொரு முறை தூவுங்கள். பெரும்பாலோர் அவசரப்பட்டுக் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

4. 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் லிக்விட். அதற்கு மேல் வேண்டாம். நுரை பொங்கினால்தான் நம்ம ஆட்களுக்குத் திருப்தி. ஆனால் இழையில் தங்கும் சோப்பு பிசுபிசுத்துப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும், பத்தே நாளில் அந்த இடம் மட்டும் கறுக்கும். முன் சீட்டுக்கு அடியில் ஒரு மூலையில் தொட்டுப் பார்த்து, நிறம் போகவில்லை என்றால் தொடங்குங்கள். துணியை நனைத்துப் பிழிந்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்ற வேண்டும்.

5. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மூன்று நான்கு முறை ஒற்றிச் சோப்பை எடுங்கள். உப்புப்பிடிப்பான போர் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

6. காய்ந்த துணியை நான்காக மடித்துக் கறைமேல் வைத்து, மேலே செங்கல் பாரம் ஏற்றி ராத்திரி விடுங்கள். ஈரம் மேலேறும்போது அடியில் கிடக்கும் எண்ணெயும் கூடவே வரும். அது கார்பெட்டில் நிற்காமல் துணிக்கு ஏறட்டும். ‘போன கறை திரும்ப வந்துவிட்டது’ என்று சொல்வது இந்தப் படியை விட்டவர்கள்தான். மறுநாள் கதவைத் திறந்துவைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 3-ஆம் படியோடு நிறுத்திக்கொண்டு, வெயில் கண்டபின் மிச்சத்தைச் செய்யலாம். ஈரம் தங்கினால் நாற்றம் வரும், அடித்தகடு துருப்பிடிக்கும்.

இன்ஜின் ஆயில் சோப்புக்கு முழுதாக மசியாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு (கார்பெட்டில் ஊற்றாமல்) ஒற்றி எடுத்த பிறகு 4-ஆம் படிக்கு வாருங்கள். அது தீப்பிடிக்கும் சரக்கு: வண்டியை அணைத்து, நான்கு கதவும் திறந்திருக்கட்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. பெட்ரோல் வேண்டவே வேண்டாம். தீ ஆபத்து ஒருபுறம், கார்பெட்டின் பின்புறப் பசையையும் கரைத்துவிடும். மண்ணெண்ணெயும் ஒரு எண்ணெய்தானே! பிளீச்சிங் பவுடர் நிறத்தைத் தின்றுவிடும்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் இணைப்பு. அதைப் பிடுங்கவோ நனைக்கவோ கூடாது. எல்லாம் காய்ந்தபின் டிரைவர் பக்க மேட்டைக் கொக்கியில் மாட்டி, பிரேக், ஆக்ஸிலரேட்டர் இரண்டையும் ஒரு முறை முழுக்க மிதித்துப் பாருங்கள். மேட் நகர்ந்து பெடலுக்கு அடியில் போனால் மறுபடி சரியாகப் பொருத்திவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.