சின்ன பட்ஜெட்டில் கிராபிக்ஸ் கார்டு மாற்றிய என் அனுபவம்

கேம் ஆடும்போது படம் திக்கித் திக்கி ஓடியது, கார்டைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவே கட்டிவிட்டேன். கையில் பணம் கொஞ்சம்தான் என்பதால், வாங்கும் முன் ஆடிக்கொண்டே கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று பார்த்தேன். 60ஐத் தாண்டவே இல்லை. கார்டே முழுசாக உழைக்கவில்லை என்றால், சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) ஒன்றே ஒன்று, சிங்கிள் சேனல், அதாவது தகவல் ஒரே பாதையில்தான் போய்வரும். அதே வகையில் இன்னொன்று போட்டதும் திக்கல் பாதி போனது, கார்டும் 95க்கு மேல் உழைத்தது. இனி கார்டை மாற்றினால்தான் பலன்.

முதலில் கண்ணில் பட்டது விலை குறைந்த 4 ஜிபி கார்டு. அது 4 பிசிஐஇ லேன்களை (கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் போகும் பாதைகள்) மட்டுமே பயன்படுத்தும். என் போர்டோ வேகம் குறைந்த பழைய தலைமுறை பிசிஐஇ 3.0, கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டால் அந்தக் குறுகிய வழியில்தான் எல்லாம் வந்துபோக வேண்டும், வேகம் சட்டென்று விழும். வேண்டாம் என்று விட்டேன். அப்புறம் பவர் சப்ளை. கார்டைச் செருகும் ஸ்லாட் தருவது 75 வாட், சப்ளையிலிருந்து வரும் 8 பின் மின் இணைப்பு தருவது 150 வாட். என் 450 வாட் சப்ளையில் ஒரே ஒரு 8 பின்தான். 132 வாட் கேட்கும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டு, 8 ஜிபி நினைவகத்தோடு அதற்கு நன்றாகப் பொருந்தியது. பழையதாகவே வாங்கினேன், ஆனால் அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, சூட்டையும் விசிறிச் சத்தத்தையும் கவனித்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.